வேகத்தைக் குறைத்துத் தொழில் நடத்துவது எப்படி: முதலாளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அச்சகம் ஆரம்பித்து ஆறு வருடம் ஆகியிருந்த சமயம். ஒரு மாலை, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மிஷின் பக்கமிருந்து பையன் வந்து புரூஃப் தாளை, அதாவது அச்சடிப்பதற்கு முன் சரிபார்க்கும் மாதிரித் தாளை, நீட்டினான். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை, மூலையில் கையெழுத்து. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. மறுநாள் 5,000 துண்டறிக்கைகளும் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது, தொலைபேசி எண்ணில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தது. பேப்பர், மை, பிளேட், இரண்டு பேருடைய ஒரு நாள் உழைப்பு எல்லாம் குப்பைக்குப் போயிற்று.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு மாதத்தில் மட்டும் நான்கு வேலைகளைத் திரும்பச் செய்திருந்தோம். நான்கிலும் இருந்தது என் கையெழுத்து. வேலை தெரியாமல் நடந்த தவறு ஒன்றுகூட இல்லை. எல்லாமே நான் பறந்துகொண்டிருந்ததால் வந்தவை.

வேகத்தைக் குறையுங்கள் என்றால் தொழில் நடத்துபவர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்திருக்கிறது. வாடகை நிற்பதில்லை, சம்பளத் தேதி நிற்பதில்லை, நான் மட்டும் எப்படி நிற்பது என்று கேட்டிருக்கிறேன். ஆனால் நான் இங்கே சொல்ல வருவது குறைவாக உழைப்பதைப் பற்றி அல்ல. முதலாளியின் நேரம் விளிம்புவரை நிரம்பிவிட்டால் மொத்தத் தொழிலும் மெதுவாகிவிடும். அவர் நேரத்தில் கொஞ்சம் காலி இடம் இருந்தால் அதே ஆட்கள், அதே மிஷினை வைத்துக்கொண்டு வேலை சீக்கிரம் முடியும். இதற்குக் கணக்கே இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

கணக்கு என்ன சொல்கிறது

உங்கள் தொழிலில் எத்தனை விஷயம் உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விலை சொல்ல வேண்டும், மாதிரியை ஒப்புக்கொள்ள வேண்டும், சரக்கு ஆர்டர் போட வேண்டும், புகாருக்குப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரே ஒரு கவுன்டர். எதிரே ஒரு வரிசை நிற்கிறது.

வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் எளிமையான ஒரு சூத்திரம் உண்டு. ஒரே கவுன்டர், ஆட்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் எத்தனை சதவீத நேரம் வேலையில் இருக்கிறதோ அதை, காலியாக இருக்கும் சதவீதத்தால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை ஒருவருக்கு ஆகும் சராசரி நேரத்தால் பெருக்கினால், வரிசையில் காத்திருக்கும் சராசரி நேரம் கிடைக்கும்.

ஒரு விஷயத்தை முடித்துக் கொடுக்க உங்களுக்கு 15 நிமிடம் ஆகிறது என்போம். உங்கள் நாளில் பாதி நிரம்பியிருந்தால், வருபவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். 80 சதவீதம் நிரம்பியிருந்தால் 1 மணி நேரம். 90 சதவீதம் என்றால் 2 மணி 15 நிமிடம். 95 சதவீதம் என்றால் 4 மணி 45 நிமிடம். 90-இலிருந்து 95-க்குப் போவது உங்களுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தோம், அவ்வளவுதான் என்று தோன்றும். உங்களுக்காகக் காத்திருப்பவருக்கோ காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது. அவர் கையில் இருக்கும் வேலை நிற்கிறது, அவருக்குப் பின்னால் இருப்பவரின் வேலையும் நிற்கிறது.

ஜான் கிங்மன் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் 1961-ல் இதை இன்னும் பொதுவான சூத்திரமாக்கினார். எவ்வளவு நிரம்பியிருக்கிறோம் என்பதோடு, வரத்தும் வேலையும் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதும் அதில் சேர்ந்துகொள்ளும். ஏற்ற இறக்கம் கூடக் கூடக் காத்திருப்பும் கூடும். சொந்தத் தொழிலில் ஏற்ற இறக்கத்துக்குக் குறைவே கிடையாது. அதனால் காலி இடம் மற்ற எல்லோரையும்விட நமக்குத்தான் அதிகம் தேவை.

கூடுதல் மணி நேரம் தரும் பொய்யான ஆறுதல்

சரி, நாளை நீட்டிக்கொண்டால் என்ன? ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்தால் வரிசை கரையாதா? பெரும்பாலோர் முதலில் இதைத்தான் செய்கிறோம்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை நேரம், உற்பத்தி இரண்டையும் கவனமாகப் பதிவு செய்து வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவெல் அந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார். வாரத்துக்கு ஏறக்குறைய 49 மணி நேரம்வரை, நேரத்துக்கு ஏற்றபடி உற்பத்தியும் உயர்ந்திருக்கிறது. அதைத் தாண்டியதும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரமும் கொடுத்த பலன் குறைந்துகொண்டே போயிருக்கிறது. 70 மணி நேரம் வேலை பார்த்தவர்கள் செய்து முடித்ததற்கும் 56 மணி நேரம் பார்த்தவர்கள் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த 14 மணி நேரம் வீணாகத்தான் போயிருக்கிறது. அதுவும் கையால் செய்யும் வேலையில். மூளையால் முடிவெடுக்கும் வேலையில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தூக்கத்தைப் பற்றி 1997-ல் டாசன், ரீட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்தவர் ராத்திரி பத்தரைக்கு அந்த நிலைக்கு வந்துவிடுவார். அந்த நேரத்தில்தான் நம்மில் பலர் விலைப்பட்டியல் போடுகிறோம்.

உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். உங்களை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

படி 1: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் எழுதாதீர்கள். போனைத் திறந்தால் வேறு எங்கேயாவது போய்விடுவோம்.

யாராவது ஒரு விஷயத்தோடு உங்களிடம் வந்தால் ஒரு வரி எழுதுங்கள். மணி என்ன, யார் வந்தார், எதற்கு வந்தார், எத்தனை நிமிடம் ஆனது. கடைசியில் ஓர் எழுத்து. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றால் 'நா'. வேறு ஒருவர் செய்திருக்கலாம் என்றால் 'வே'. யாருமே செய்திருக்கத் தேவையில்லை என்றால் ஒரு பெருக்கல் குறி. பின் அட்டையில் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். திரும்பச் செய்த வேலைகள், அதற்கு ஆன செலவு, அந்தத் தவறு எந்த நிமிடத்தில் நடந்தது என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் சலிக்காமல் எழுதுவது கஷ்டம்தான். நான் மூன்றாம் நாளே விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஆனால் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால், அடுத்து வருவதெல்லாம் ஊகத்தில் நடக்கும். என் நோட்டில் பாதிக்கு மேல் 'வே' இருந்தது. நான் நினைத்து வைத்திருந்ததோ, எல்லாவற்றுக்கும் நான்தான் வேண்டும் என்று.

படி 2: உங்களிடம் வராமலே முடிய வேண்டியவை

'வே' போட்ட வரிகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே மாதிரி விஷயம்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதில் அடிக்கடி வரும் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் ஓர் எல்லை போட்டுக் கொடுங்கள்.

"பார்த்துச் செய்யுங்கள்" என்று சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். தப்பானால் திட்டு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். "இவ்வளவு தொகைவரை நஷ்டம் வந்தாலும் என்னைக் கேட்காமல் வாடிக்கையாளருக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்" என்றால் செய்வார்கள். அந்தத் தொகையை நீங்கள் உண்மையாகவே தாங்கிக்கொள்ளக்கூடிய அளவில் வையுங்கள். முதல் முறை அவர்கள் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் ஒரு தடவை சுளித்துவிட்டால் வரிசை மறுநாளே உங்கள் மேஜைக்குத் திரும்பிவிடும்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று பிரிக்க, ஜெஃப் பெசோஸ் அமேசான் பங்குதாரர்களுக்கு எழுதிய 2015-ம் ஆண்டுக் கடிதத்தில் சொன்ன ஒரு பிரிவு எனக்கு உதவியிருக்கிறது. சில முடிவுகள் ஒருவழிக் கதவு மாதிரி, உள்ளே போனால் திரும்ப முடியாது. அவற்றை நிதானமாக எடுக்க வேண்டும். மற்றவை இருவழிக் கதவு, சரிப்படாவிட்டால் திரும்பி வந்துவிடலாம். அவற்றைப் பக்கத்தில் இருப்பவரே சட்டென்று எடுக்கலாம். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பேனா வாங்குவதை மூன்று நாள் நிறுத்தி வைக்கிறோம், புது இடத்துக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தை வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டு வாங்குகிறோம்.

படி 3: நாளில் காலி இடம் விடுங்கள்

8 மணி நேர நாள் என்றால் 6 மணி நேரத்துக்கு மட்டும் வேலை போடுங்கள். மீதி 2 மணி நேரத்துக்கு எதையும் எழுதாதீர்கள். எப்படியும் எதிர்பாராதது ஒன்று வந்து அதை எடுத்துக்கொள்ளும். வராத நாளில் சும்மா நடந்து போய்ப் பட்டறையைப் பாருங்கள். எங்கே என்ன கிடக்கிறது, யார் முகம் வாடியிருக்கிறது, எந்த மிஷினின் சத்தம் மாறியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பெல்ட் தேய்ந்த சத்தத்தை ஓடிக்கொண்டே யாரும் கேட்டதில்லை.

அப்புறம் போன். 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் காட்டினார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால், கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வேலையை அரை மனதோடுதான் செய்வோம். என் புரூஃப் கதை அப்படியே இதுதான். கண் தாளில் இருந்தது, கவனம் போனில் இருந்தது. இன்னொரு ஆய்வு, குளோரியா மார்க் குழு 2008-ல் செய்தது. அடிக்கடி குறுக்கீடு வரும்போது மனிதர்கள் அதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள், வேலையும் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. ஆனால் மன அழுத்தம், எரிச்சல், அவசர உணர்வு எல்லாம் ஏறிவிடுகின்றன. குறுக்கீடு அதிகமுள்ள முதலாளி தன்னைச் சுறுசுறுப்பானவர் என்று நம்புவது இதனால்தான் என்று நினைக்கிறேன். வேலை முடிவது கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே தேய்வது தெரிவதில்லை.

செய்ய வேண்டியது எளிது. காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் போன் வேறொருவர் கையில் இருக்கட்டும். உண்மையான அவசரம் என்றால் அவர் வந்து சொல்வார். ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு, அந்த நேரத்தில் எத்தனை முறை அவர் வந்தார் என்று நோட்டில் பாருங்கள்.

படி 4: ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளைக் குறையுங்கள்

எனக்கு அதிகம் பலன் கொடுத்த படி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே இருக்கும் சராசரி நாட்கள் கிடைக்கும். 20 வேலை பாதியில் கிடக்கிறது, ஒரு நாளைக்கு 2 முடிகிறது என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 10 நாள் எடுக்கும். அதே 2 முடிகிற இடத்தில் 10 வேலையை மட்டும் உள்ளே விட்டிருந்தால் 5 நாள். ஆட்களும் மிஷினும் அப்படியே இருக்க, வாடிக்கையாளர் கைக்கு வேலை பாதி நாளில் போய்ச் சேர்கிறது.

இதைக் கேட்டதும் வரும் கேள்வி எனக்குத் தெரியும். மீதி 10 வெளியே காத்திருக்குமே, அதுவும் தாமதம்தானே? உண்மை. ஆனால் ஆரம்பிக்காத வேலைக்கும் பாதியில் கிடக்கும் வேலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பாதியில் கிடப்பதற்குச் சரக்கு வாங்கியாயிற்று, பணம் முடங்கிவிட்டது. இடத்தை அடைக்கிறது. தினமும் யாராவது அதைத் தேடி எடுத்து, தூசி தட்டி, எங்கே விட்டோம் என்று யோசிக்கிறார்கள். வாடிக்கையாளர் "எதுவரை வந்திருக்கிறது?" என்று கேட்கிறார், அதற்குப் பதில் சொல்ல ஒருவர் எழுந்து போகிறார். நடுவில் அவர் மனம் மாறினால் செய்தது வீண். ஆரம்பிக்காத வேலைக்கு இந்தச் செலவுகள் எதுவும் கிடையாது. இந்தத் தேடலும் விசாரிப்பும் குறைந்ததும், நாளைக்கு 2 முடிந்த இடத்தில் 2-க்குக் கொஞ்சம் கூடவே முடிய ஆரம்பிக்கும்.

எப்படிச் செய்வது? சுவரில் ஒரு பலகை மாட்டுங்கள். மூன்று கட்டம் போதும்: காத்திருப்பது, நடப்பது, முடிந்தது. ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. முதலில் இப்போது உண்மையில் நடுக்கட்டத்தில் இருப்பவற்றை எல்லாம் ஒட்டுங்கள். அந்த எண்ணிக்கையே அதிர்ச்சி தரும். எங்கள் அச்சகத்தில் 31 சீட்டு இருந்தது, வேலை செய்ய இருந்ததோ 6 பேர். அடுத்து, நடுக்கட்டத்துக்கு ஓர் உச்ச எண் வையுங்கள். எடுத்த எடுப்பில் பாதியாக்க வேண்டாம், இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். ஒன்று வெளியே போனால்தான் ஒன்று உள்ளே வரும். இரண்டு மூன்று வாரம் கழித்து எண்ணை இன்னும் இறக்குங்கள்.

இதில் மனசுக்குக் கஷ்டமான கட்டம் ஒன்று வரும். யாராவது ஒருவர் கையில் வேலை இல்லாமல் நிற்பார். முதலாளிக்கு அதைப் பார்த்தால் தாங்காது, உடனே புது வேலை ஒன்றை எடுத்துக் கையில் திணிப்போம். திணிக்காதீர்கள். எங்கே நெரிசல் இருக்கிறதோ அங்கே போய் அவர் கை கொடுக்கட்டும். அச்சடிப்பவர் சும்மா இருந்தால் பைண்டிங்கில் போய் மடிக்கட்டும். நெரிசல் இருக்கும் இடம்தான் மொத்தத் தொழிலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதற்கு முன்னால் வேகமாக வேலை செய்து குவித்தால் குவியல்தான் பெரிதாகும்.

படி 5: தேதி சொல்வதில் நிதானம்

மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதினார்கள். இதற்கு மருந்து, யோசித்துச் சொல்வதை விட்டுவிட்டுப் பார்த்துச் சொல்வது. கடைசியாக முடித்த பத்து வேலைகளை எடுங்கள். ஒவ்வொன்றும் உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்று குறைவிலிருந்து கூடுதலுக்கு வரிசைப்படுத்துங்கள். எட்டாவதாக வரும் எண்தான் அடுத்த வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய நாள்.

"நாளைக்கே வேண்டுமே சார்" என்பார்.

"நாளைக்குச் சொன்னால் பொய்யாகிவிடும் சார். வியாழக்கிழமை மதியம் உங்கள் கையில் இருக்கும். அது மாறாது."

இப்படிச் சொன்னால் சிலர் போய்விடுவார்கள், அதை ஒளிக்கப் போவதில்லை. ஆனால் வியாழக்கிழமை மதியம் வேலை கைக்கு வந்தவர் மறுபடி வருகிறார். நாளைக்கு என்று கேட்டு வாங்கி நான்கு நாள் அலைந்தவர் பணம் கொடுக்கும்போதும் நம்மை அலையவிடுகிறார்.

படி 6: தவறு தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள்

ஜப்பானில் சக்கிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அறுந்த நூலோடு ஓடினால் கெட்ட துணிதான் வரும். இந்த எண்ணம் பின்னால் டொயோட்டா கார் தொழிற்சாலைக்கும் வந்தது. தவறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே உதவிக்கு ஆள் வருவார், சரியாகாவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும்.

அதே நிறுவனம் வேகத்தில் தடுமாறவும் செய்தது. 2009, 2010-ல் பல லட்சக்கணக்கான வாகனங்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரியில் அதன் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, நாங்கள் வளர்ந்த வேகம் அதிகமாகிவிட்டதோ என்று அஞ்சுகிறேன் என்றார். முதலில் பாதுகாப்பு, அடுத்து தரம், அப்புறம் எண்ணிக்கை என்று இருந்த வரிசை குழம்பிப் போனதாகவும் ஒப்புக்கொண்டார். நிறுத்துவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்களுக்கே இது நடந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உங்கள் இடத்தில் கயிறு என்ன? யார் வேண்டுமானாலும் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம், சொன்னவரிடம் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. இதுவே போதும். நிறுத்திய ஒவ்வொரு முறையும் ஏன் நின்றது என்று அதே நாளில் பத்து நிமிடம் பேசுங்கள்.

படி 7: வளர்ச்சிக்கும் ஒரு வேகம் உண்டு

நிறைய ஆர்டர் இருந்தும் தொழில்கள் மூடப்படுகின்றன. வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது, உள்ளே இருப்பவர்களுக்குத் தூக்கத்திலும் புரியும். சரக்கு கொடுத்தவருக்கு 30 நாளில் பணம் கட்ட வேண்டும், வாடிக்கையாளர் 60 நாளில் தருகிறார் என்று வையுங்கள். நடுவில் இருக்கும் 30 நாள் கொள்முதலை உங்கள் பணம்தான் தாங்குகிறது. ஆர்டர் இரண்டு மடங்கானால் தாங்க வேண்டிய பணமும் இரண்டு மடங்காகும். லாபமோ 60 நாள் கழித்துத்தான் வரும். காகிதத்தில் லாபம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சம்பளத்துக்குப் பணம் இல்லாமல் போவது இப்படித்தான்.

பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வெப்வேன் என்ற நிறுவனம் 1999-ல் இணையம் வழியாக மளிகை விற்க ஆரம்பித்தது. முதல் இடத்தில் லாபம் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, நாடு முழுவதும் கிடங்குகள் கட்ட 100 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2001-ல் திவாலானது.

புது ஆர்டரை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு தாளில் அடுத்த 13 வாரங்களுக்குக் கட்டம் போடுங்கள். எந்த வாரம் என்ன வரும், என்ன போகும் என்று எழுதுங்கள். ஏதாவது ஒரு வாரத்தில் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த ஆர்டரைத் தள்ளிப்போடுங்கள், அல்லது முன்பணம் கேளுங்கள். மூன்று மாதம் தாமதமாக வளர்ந்ததால் மூடிய தொழிலை நான் பார்த்ததில்லை.

படி 8: பெரிய முடிவுக்கு ஓர் இரவு

ஒருவழிக் கதவு என்று நீங்கள் குறித்த எந்த முடிவையும் கேட்ட நாளிலேயே எடுக்காதீர்கள். புது இயந்திரம், கூட்டாளி, கடன், ஆளை நீக்குவது எல்லாம் இதில் வரும். எதிரில் இருப்பவர் "இன்றைக்கே சொன்னால்தான் இந்த விலை" என்றால், அந்த அவசரம் அவருடையது. காலையில் எழுந்ததும் காரணங்களை நான்கு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வராத காரணம் பெரும்பாலும் காரணமே இல்லை.

எங்கே மெதுவாகப் போகக் கூடாது

இதையும் சொல்லியாக வேண்டும். வர வேண்டிய பணத்தை வசூலிப்பதில் நிதானம் கூடாது, கெடு முடிந்த மறுநாளே கேளுங்கள். பாதுகாப்புக் குறைபாடு, கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கு முதல் பதில், தொழிலாளியின் சம்பளம், வரி கட்டும் தேதி இவையெல்லாம் உடனடி வேலைகள். காலி இடம் விடச் சொன்னதே இவை வரும்போது கை காலியாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான்.

முதல் மூன்று மாதம் எப்படி இருக்கும்

எல்லாப் படியையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் அதுவே இன்னொரு அவசரமாகிவிடும். முதல் இரண்டு வாரம் நோட்டு மட்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் எழுத்தில் எல்லைகள். இரண்டாவது மாதம் பலகை. தேதி சொல்லும் முறையும் நிறுத்தும் உரிமையும் மூன்றாவது மாதம்.

இரண்டாவது மாதத்தின் நடுவில் பயம் வரும். புது வேலையை உள்ளே விடாமல் நிறுத்தியிருப்பீர்கள், பலன் இன்னும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் வருமானத்தைப் பார்க்காதீர்கள், அது பழைய வேலைகளின் கணக்கு. மூன்று எண்களை மட்டும் பாருங்கள். ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக எத்தனை நாள், சொன்ன தேதியில் கொடுத்தது பத்துக்கு எத்தனை, திரும்பச் செய்தவை எத்தனை. இவை நகர ஆரம்பித்தால் வருமானம் பின்னாலேயே வரும். எட்டு வாரத்துக்குப் பிறகும் அசையவில்லை என்றால் நெரிசல் உங்களிடம் இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. நோட்டை எடுத்து அந்த இடத்தைத் தேடுங்கள்.

கூட வேலை செய்பவர்களுக்கும் இதில் பங்கு கொடுங்கள். 2022-ல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் சம்பளத்தைக் குறைக்காமல் வாரம் நான்கு நாள் வேலை என்று ஆறு மாதம் சோதித்துப் பார்த்தன. முடிவில் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் மறுநாள் தெளிந்த முகத்தோடு வருகிறார்கள், அதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

எங்கள் அச்சகத்தில் இப்போது புரூஃப் பார்க்க ஜன்னல் ஓரம் தனி மேஜை இருக்கிறது. அதன் மேல் போன் வைக்கக் கூடாது. ஒருவர் எண்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கிறார், இன்னொருவர் மூலத்தைப் பார்த்து டிக் அடிக்கிறார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தாள் மிஷினுக்குப் போகும். ஒரு துண்டறிக்கைக்கு நான்கு நிமிடம் ஆகிறது.